சுவர் அலமாரியைத் தொங்கவிட ரீப்பரா, இசட் பட்டியா, ஹேங்கரா?

செங்கல் சுவரும் சிமென்ட் பூச்சும் உள்ள வீட்டுக்கு எங்கள் தேர்வு இது: 18 மி.மீ. மரைன் பிளைவுட்டை 45 டிகிரி சரிவில் அறுத்த ரீப்பர் ஜோடி, ஒன்று சுவரில், மற்றது அலமாரியின் முதுகில், ஒன்றில் ஒன்று கொக்கிபோல மாட்டும். அதைச் சுவரோடு பிடிக்க, ஸ்க்ரூ சேர்ந்தே வரும், 10 மி.மீ. விட்டமுள்ள நீளமான நைலான் பிளக். கடையில் அழகான பெட்டியில் வரும் அலுமினிய இசட் பட்டியும், மாடுலர் கிச்சன்காரர்கள் போடும் இரட்டை ஹேங்கரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் 75 கிலோ எடை தலைக்கு மேலே தொங்கும்போது, சுவரில் நல்ல இடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்க்ரூ போடும் சுதந்திரத்தைத் தருவது ரீப்பர்தான்.

75 கிலோ என்பது மிகையில்லை. 900 மி.மீ. அகலம், 720 உயரம், 300 ஆழம் கொண்ட மேல் அலமாரியை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் கதவு, ஒரு தட்டு, 6 மி.மீ. பின்பலகை, கீல் எல்லாம் சேர்த்து வெறும் பெட்டியே 25 கிலோ வரும். எவர்சில்வர் பாத்திரமும் மளிகை டப்பாவும் ஏற்றினால் இன்னும் 50 கிலோ சாதாரணமாக ஏறும்.

இந்த எடை சுவரை இரண்டு விதமாகச் சோதிக்கிறது. ஒன்று, நேராகக் கீழே இழுப்பது. முழு 75 கிலோவும் ஸ்க்ரூவின் தண்டில் உட்காரும். இரண்டு, அலமாரி முன்னால் கவிழப் பார்ப்பது. எடையின் மையம் சுவரிலிருந்து சுமார் 160 மி.மீ. தள்ளி இருக்கிறது, மேல் ஸ்க்ரூ வரிசை அலமாரியின் அடியிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 75-ஐ 160-ஆல் பெருக்கி 650-ஆல் வகுத்தால் சுமார் 18 கிலோ. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை அவ்வளவுதான். உயரமான அலமாரி அதனால்தான் பயப்படும் அளவுக்கு ஆபத்தில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது, கீழே தாங்கலே தெரியாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் புத்தகத் தட்டுக்குத்தான். 250 மி.மீ. ஆழமுள்ள தட்டை 50 மி.மீ. உயர ரீப்பரில் செருகி 15 கிலோ புத்தகம் அடுக்கினால், நெம்புகோல் கணக்கில் ஸ்க்ரூவுக்குக் கிடைக்கும் உயரம் 40 மி.மீ. மட்டுமே. பிடுங்கும் விசை 47 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு இரண்டரை மடங்கு இழுப்பு. 'சின்னத் தட்டுதானே' என்று 6 மி.மீ. பிளக் போடுவது இந்த இடத்தில்தான் கைவிடும்.

ரீப்பர் ஜோடி

150 மி.மீ. அகலப் பிளைவுட் பட்டையை நடுவில் 45 டிகிரியில் அறுத்தால் இரண்டு துண்டும் கிடைத்துவிடும். சர்க்குலர் சாவின் தட்டைச் சாய்த்து அறுக்கலாம். டேபிள் சா வைத்திருக்கும் பிளைவுட் கடையிலேயே அறுத்து வாங்குவது இன்னும் நேராக வரும். சுவர்த் துண்டின் சரிவு மேல்பக்கம், அதன் கூர்முனை அறையைப் பார்க்க வேண்டும். அலமாரித் துண்டு தலைகீழ்: சரிவு கீழ்ப்பக்கம், கூர்முனை சுவரைப் பார்க்க வேண்டும். மாட்டியதும் எடையே அலமாரியைச் சுவரோடு இழுத்து வைத்துக்கொள்ளும். கூர்முனைகளை 2 மி.மீ. சீவிவிடுங்கள். இல்லையென்றால் முனை மற்றத் துண்டின் மூலையில் இடித்து நிற்கும், சரிவுகள் முழுதாக ஒட்டாது, அலமாரி மாட்டியது போலத் தெரியும் ஆனால் ஆடும்.

பலகையில் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குவது நல்லது. ஐஎஸ் 303-இல் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகமும் உலர்ந்த சுவருக்குப் போதும். முத்திரையைவிட முக்கியமானது அறுத்த சரிவைப் பார்ப்பது. உள் அடுக்கில் இடைவெளி இருந்தால் சாய்வான வெட்டில் பளிச்சென்று தெரியும். அந்தப் பட்டை ரீப்பருக்கு ஆகாது. தேக்கு ரீப்பரும் வலுவானதுதான். ஆனால் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுவதால், விளிம்பை ஒட்டி ஸ்க்ரூ ஏற்றினால் கூர்முனை நார் வழியே பிளந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பிளைவுட்டில் அந்தத் தொல்லை இல்லை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் வேண்டாம். ஒரு மழைக்காலம் ஈரம் ஏறினால் ஊதி, ஸ்க்ரூவைச் சுற்றிப் பொடியாகும்.

குறைகளும் உண்டு. 18 மி.மீ. தடிமனில் 45 டிகிரி என்றால் கோர்வை 18 மி.மீ. உயரம். மாட்ட அலமாரியை அதற்கு மேல் தூக்கி இறக்க வேண்டும், ஆகவே மேலே லாஃப்ட் பலகைக்கும் அலமாரிக்கும் குறைந்தது 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட்டாக வேண்டும். லாஃப்டை ஒட்டி அலமாரி வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. அடுத்தது, அலமாரி சுவரிலிருந்து 18 மி.மீ. முன்னால் நிற்கும், ஓரத்தில் அந்தச் சந்து தெரியும். பக்கப் பலகையைப் பின்பலகையைத் தாண்டி 18 மி.மீ. நீட்டிச் செய்தால் மறைந்துவிடும், ஆனால் சுவர்த் துண்டை அலமாரியின் உள் அகலத்துக்கு இருபுறமும் 10 மி.மீ. குறைவாக வெட்ட வேண்டும். மூன்று அலமாரிக்கும் ஒரே நீளத் துண்டு என்ற வசதி போய்விடும். ஓரத்தில் தனியாக ஒரு மறைப்புப் பலகை ஒட்டுவதே சுலபம்.

பக்கப் பலகையை நீட்டாமல் அந்தச் சந்தை அப்படியே விட்டால் கீழேயும் 18 மி.மீ. தடுப்புக் கட்டை தேவை. இல்லையென்றால் அலமாரியின் அடி சுவரைத் தேடிப் பின்னால் சாயும். நம் சமையலறைகளில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேடைக்கு மேல் இரண்டடி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அலமாரியின் அடி அதன் மேல் விளிம்பில் வந்து உட்காரும். டைலும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து பூச்சைவிட 10 மி.மீ. துருத்தி நின்றால், கீழ்க் கட்டை 8 மி.மீ. தான் இருக்க வேண்டும். 18-ஐயே வைத்தால் அடி முன்னால் துருத்தி அலமாரி பின்னால் மல்லாரும், திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளும். பழி கீலின் மேல் விழும்.

பிளக், ஸ்க்ரூ

ரீப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைச் சுவரோடு பிடிப்பது பிளக்தான். செலவைக் குறைக்கிறேன் என்று பலரும் கை வைப்பதும் இங்கேதான். ஆர்ட்டுர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தது 1958-இல். அதற்குப் பிறகும் சுவரில் மரக்கட்டையைச் செருகி அதில் ஆணி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டை வெயிலில் சுருங்கும், மழையில் ஊறும், கரையானுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும்.

வழக்கமான 8×40 (8 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம்) பிளக்கின் சிக்கல் நீளம். ஃபிஷர் டியூயோபவர் போன்ற நல்ல பிளக்கிலும் 40 மி.மீ. என்றால் 40 தான். பூச்சு 15 முதல் 20 மி.மீ. இருக்கும் சுவரில் பாதி பிளக் பூச்சிலேயே முடிந்துவிடுகிறது, பூச்சு எடையைத் தாங்கும் பொருள் இல்லை. அதே வகையில் 8×65, 10×80 என்று நீளமானவை வருகின்றன. பூச்சுச் சுவருக்கு அவற்றையே வாங்க வேண்டும்.

ரீப்பருக்கு எங்கள் முதல் தேர்வு ஃபிஷர் எஸ்எக்ஸ்ஆர் போன்ற ஃபிரேம் ஃபிக்ஸிங். ரீப்பரைச் சுவரில் வைத்தபடியே ஊடுருவித் துளையிட்டு, பிளக்கையும் ஸ்க்ரூவையும் ஒன்றாகத் தட்டிச் செலுத்தலாம். குறி பிசகாது. அளவு தேர்வதில்தான் கவனம் தேவை. 10 மி.மீ. எஸ்எக்ஸ்ஆர் செங்கல்லுக்குள் 50 மி.மீ. பிடிக்க வேண்டும். 10×80-இல் மீதம் 30 மி.மீ. தான். 18 மி.மீ. ரீப்பரும் 15 மி.மீ. பூச்சும் சேர்ந்தாலே 33 ஆகிவிடுகிறது. ஆகவே 10×100. பூச்சைச் சுவரின் பங்காக எண்ணாமல், ரீப்பரின் பங்காக எண்ணுங்கள். பெரும்பாலான தவறுகள் நின்றுவிடும்.

துளையின் ஆழம் பிளக்கைவிட 10 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். 10×100 போட்டால் சுவர்ப் பரப்பிலிருந்து 92 மி.மீ. நாலரை அங்குலச் சுவரில் இது மறுபக்கப் பூச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். கடைசி 20 மி.மீ.-இல் ஹேமரை நிறுத்திச் சுழற்சியில் மட்டும் துளையிடாவிட்டால் அடுத்த அறையில் பூச்சு பெயர்ந்து விழும். துளைத் தூளை ஊதியோ உறிஞ்சியோ எடுத்துவிட வேண்டும். தூளோடு செருகிய பிளக் முழு ஆழம் போகாது, வெளியே நிற்கும் முனையைச் சுத்தியால் அடித்து நசுக்குவார்கள்.

வெளியே கொட்டும் தூளைக் கவனித்துக்கொண்டே துளையிடுங்கள். சிவப்பு என்றால் செங்கல், நல்லது. சாம்பல் நிறம் தொடர்ந்து வந்து பிட் லேசாக இறங்கினால் இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சாந்தில் இருக்கிறீர்கள். 75 மி.மீ. உயரச் செங்கலும் 10 மி.மீ. சாந்தும் என்றால் 85 மி.மீ.-க்கு ஒரு கிடைமட்டச் சாந்துக் கோடு ஓடுகிறது. ரீப்பரில் ஸ்க்ரூக்களை நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் போட்டால், துரதிர்ஷ்டம் இருந்தால் அத்தனையும் அந்த ஒரே கோட்டில் விழும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்று 35 முதல் 40 மி.மீ. மேலும் கீழுமாக மாற்றிப் போட வேண்டும். சுவர்த் துண்டை 50 மி.மீ. பட்டையாக இல்லாமல் 75 மி.மீ.-க்குக் குறையாமல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்று 900 மி.மீ. அலமாரிகள், மொத்தம் 2.7 மீட்டர் என்றால் 300 மி.மீ.-க்கு ஒரு ஸ்க்ரூ, முனையிலிருந்து 50 மி.மீ. உள்ளே, துண்டுகள் சேரும் இடத்தில் இருபுறமும் ஒவ்வொன்று, ஆக 12. எட்டடிப் பலகையின் நீளம் 2,440 மி.மீ. என்பதால் ஒரு இணைப்பு வந்தே தீரும். மொத்த எடை 225 கிலோ, ஒரு ஸ்க்ரூவுக்கு 19 கிலோவுக்கும் குறைவு. இரண்டு மூன்று புள்ளிகள் மோசமாக அமைந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்.

அலமாரிப் பக்கத் துண்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவில் நடக்கும் பிழை வேறு வகை. கறுப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ மலிவு, கைக்கு எப்போதும் கிடைக்கும், வேகமாக ஏறும். அது ஜிப்சம் பலகைக்காகக் கடினப்படுத்தப்பட்டது. வளையாது, வெட்டு விசையில் பட்டென்று ஒடியும். இந்த வேலைக்கு 5 மி.மீ. சிப்போர்டு ஸ்க்ரூ போதும். 6 மி.மீ. பின்பலகையில் மட்டும் துண்டைத் திருகாதீர்கள். அலமாரிக்குள்ளே மேலே 18 மி.மீ. குறுக்குச் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். ஸ்க்ரூ அதிலிருந்து பின்பலகை வழியாகத் துண்டுக்குள் போக வேண்டும். 18, 6, 18 கூட்டினால் 42. ஸ்க்ரூ 40 மி.மீ. போதும், அதைவிட நீளமானது வெளியே வந்து சரிவில் உரசி அலமாரியை உட்கார விடாது.

மாட்டி முடித்ததும் அடியில் ஒரு ஸ்க்ரூவை உள்ளிருந்து கீழ்க் கட்டைக்குள் போட்டுப் பூட்ட வேண்டும், அந்தக் கட்டையும் சுவரோடு பிளக் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். கோர்வை 18 மி.மீ. தான், யாராவது அடியில் இடித்துத் தூக்கினால் கழன்றுவிடும். இதை விட்டுவிட்டுப் போகும் ஆசாரிகள் அதிகம்.

அலுமினிய இசட் பட்டி

ரீப்பர் ஜோடியைப் போலவே ஒன்றில் ஒன்று மாட்டும் இரண்டு உலோகப் பட்டிகள். வேலைப்பாடு சுத்தம். சந்து சில மி.மீ. தான், தூக்க வேண்டிய உயரமும் மரத்தில் பாதிக்கும் குறைவு, கரையான் அண்டாது. கண்ணாடி, டிவி பின்பலகை, கட்டில் தலைப்பலகை இவற்றுக்கு மரத்தைவிட இதுவே பொருத்தம். ஈரம் கசியும் சுவரிலும் மரத்துக்குப் பதில் இதைத்தான் போட வேண்டும், கசிவை முதலில் சரிசெய்ய முடியாவிட்டால்.

எச்சரிக்கை பெட்டியின் மேல் அச்சடித்த எடைக்கு. 200 பவுண்டு, அதாவது 90 கிலோ என்று போட்டிருப்பது பெரும்பாலும் அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து. அங்கே சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும், ஸ்க்ரூ நேராக அதில் ஏறும். அந்த எண் பட்டியின் பலத்தைச் சொல்கிறது, உங்கள் செங்கலின் பலத்தைச் சொல்லவில்லை. உடன் வரும் சிறு பிளாஸ்டிக் பிளக்கை ஓரமாக வைத்துவிட்டு, மேலே சொன்ன நீள நைலானை வாங்குங்கள். பட்டியில் முன்கூட்டியே போட்டிருக்கும் துளைகள் ஒரே கோட்டில் இருக்கும். சாந்துக் கோடு சிக்கல் இங்கே தப்பிக்க வழியில்லாமல் வரும்.

இரட்டை ஹேங்கர்

ஹெட்டிக், ஹாஃபெலே போன்றவற்றின் ஹேங்கர்கள் அலமாரியின் மேல் மூலை இரண்டிலும் உள்ளே உட்காரும். மாட்டிய பிறகு ஸ்க்ரூ டிரைவரால் உயர்த்தலாம், தாழ்த்தலாம், சுவரோடு இழுக்கலாம். அலமாரிகளை ஒன்றோடொன்று மட்டம் சேர்ப்பதில் ரீப்பர் இதன் பக்கத்தில் வர முடியாது. பூச்சு மேடும் பள்ளமுமான சுவரில் ரீப்பருக்குப் பின்னால் ஒவ்வொரு ஸ்க்ரூ இடத்திலும் ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து, மறுபடி இறுக்க வேண்டும். ஆப்பை ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இறுக்கும்போது ரீப்பரே வளையும்.

ஹேங்கரின் பலவீனம் கணக்கில் தெரியாது. ஒரு அலமாரிக்கு இரண்டு சுவர்த் தகடு, தகடுக்கு இரண்டு ஸ்க்ரூ என்றால் மூன்று அலமாரிக்கும் அதே 12. ஆனால் தகடு எங்கே வர வேண்டும் என்பதை அலமாரியின் மூலை முடிவு செய்கிறது. அந்த இடத்தில் சாந்தோ, வயர் குழாயோ, பழைய துளையோ இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு ஸ்க்ரூவும் சேர்ந்து போய்விடும், அலமாரியின் பாதி எடையும் அந்த மூலையில்தான். இதைச் சமாளிக்கத் தகடுக்குப் பதில் நீள எஃகு ரெயில் வருகிறது. ஐக்கியாவின் மெத்தோட் கிச்சனும் ரெயிலில் தொங்குவதுதான். ரெயிலும் ஹேங்கரும் சேர்ந்தால் ரீப்பரின் சுதந்திரமும் திருகிச் சரிசெய்யும் வசதியும் ஒன்றாகக் கிடைக்கும். பணம் இடம் கொடுத்தால் மூன்றிலும் மேலானது இந்தக் கூட்டணி. சுவருக்கான பிளக் இதிலும் நம் பொறுப்பு.

செங்கல் இல்லாத சுவர்கள்

புது அடுக்ககங்களில் வெளிச்சுவர், உட்சுவர் எல்லாமே மைவான், அதாவது அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட்டாக இருக்கலாம். அங்கே நீள பிளக் தேவையில்லை. கான்கிரீட்டுக்குள் 40 முதல் 50 மி.மீ. போதும். சாதாரண ஹேமர் டிரில் திணறும், எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் வேண்டும். கம்பி தட்டினால் முட்டி மோதாமல் 30 மி.மீ. தள்ளிப் போடுங்கள். அந்தத் தள்ளலுக்கு ரீப்பர் இடம் கொடுக்கும், ஹேங்கர் கொடுக்காது.

ஹாலோ பிளாக்கில் பிட் 25, 30 மி.மீ. போனதும் திடீரென்று உள்ளே விழும். சாதாரண பிளக் அந்த வெற்றிடத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். வலைக்குழாய் செருகிக் கெமிக்கல் ஆங்கர் (உள்ளே இறுகிப் பிடிக்கும் பசை) நிரப்புவதே உறுதி. பொதியில் போட்டிருக்கும் நேரம் முழுதும் கழிந்த பிறகே இறுக்க வேண்டும்.

வெள்ளைத் தூள் பறந்து, பிட் வெண்ணெயில் போவது போல இறங்கினால் அது ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழிகள் கொண்ட லேசான கட்டுமானக் கல். அதன் அமுக்கு வலிமை சதுர மி.மீ.-க்கு 3, 4 நியூட்டன். மைவான் சுவரின் எம்25 கான்கிரீட் 25. ஹேமரை அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளையிடுங்கள். அதிர்வு துளையை அகலப்படுத்திவிடும், அதன் பிறகு எந்தப் பிளக்கும் நிற்காது. சுருள் விளிம்பு கொண்ட ஃபிஷர் ஜிபி வகையோ, ஆழமாகப் பிடிக்கும் எஸ்எக்ஸ்ஆர்எல் வகையோ இதற்கென்றே செய்தவை. ஸ்க்ரூ இடைவெளியை 300-லிருந்து 200 மி.மீ. ஆகக் குறைத்து, கீழ்க் கட்டையையும் எடை தாங்கும் சட்டமாக அலமாரியின் அடியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. இரட்டை ஹேங்கரை இந்தச் சுவரில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வேலை முடிந்ததும் ரீப்பரைப் பிடித்துத் தொங்கிக் காட்டுவது ஒரு வழக்கம். அது கீழ்நோக்கிய பலத்தை மட்டும் காட்டும். தளர்ந்த பிளக்கூட அதில் தேறிவிடும். இறுக்கும்போது கூடவே நின்று பார்ப்பதே உருப்படியான சோதனை. கடைசிச் சுற்றில் ஸ்க்ரூ கனத்து நிற்க வேண்டும். நிற்காமல் சுழன்றால் அந்தப் புள்ளியை எண்ணிக்கையில் சேர்க்காமல், 50 மி.மீ. தள்ளி இன்னொன்று போடச் சொல்லுங்கள். இம்பாக்ட் டிரைவரில் இறுக்கினால் இந்த வித்தியாசம் தெரியாது, நல்ல துளையும் அரைபட்டுப் போகும். கடைசி இரண்டு சுற்றைக் கையால் இறுக்கச் சொல்லிக் கேட்டால் ஆசாரி முகம் சுளிப்பார். கேட்டுவிடுங்கள்.